பிரதி எடுப்பது ஆராய்ச்சி ஆகாது

பாடசாலை மாணவனுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆராய்ச்சி பல்கலைக்கழகத்துக்கு உரியது; பிள்ளை பாடத்தைப் படித்துப் பரீட்சையில் தேறினால் போதும் என்பது அவர்கள் வாதம். தோட்டப்புறப் பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தாலோ இந்த வாதம் இன்னும் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. "அந்தப் பிள்ளைகளா? பிழையில்லாமல் ஒரு கடிதம் எழுதினாலே பெரிது" என்று இரக்கத்தோடு சொல்லப்படுகிறது. இந்த இரக்கத்தை நாம் ஏற்கவில்லை. கூலிக்காரன் பிள்ளைக்குக் கூட்டலும் கழித்தலும் போதும் என்று ஒரு காலத்தில் தோட்டத்துரைமார் வைத்திருந்த எண்ணத்துக்கும் இதற்கும் தொனியில்தான் வேறுபாடு, பொருளில் இல்லை.

அண்மையில் பதுளைப் பகுதியில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியின் ஆய்வு ஒப்படை நம் பார்வைக்கு வந்தது. அவள் ஸ்பிரிங்வெளி மலைச்சரிவில் ஒரு லயத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒப்படையின் தலைப்பு, "இலங்கையின் தேயிலைக் கைத்தொழில்." அட்டை பளபளத்தது, நகரத்துக் கடையொன்றில் தட்டச்சு செய்து கட்டியிருந்தார்கள். தேயிலை நாட்டின் முதுகெலும்பு என்று முதல் வரி தொடங்கிற்று. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதும், 1890இல் தோமஸ் லிப்டன் வந்து தோட்டங்கள் வாங்கியதும் முறைப்படி இருந்தன. ஏற்றுமதி அட்டவணை இருந்தது. இவையெல்லாம் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்ற குறிப்பு மட்டும் இல்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. அந்த மாணவியின் தாய் அன்றும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். தேயிலையைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிய மகள், தன் தாயிடம் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை!

அந்த ஒப்படைக்கு உயர்ந்த புள்ளி கிடைத்தது. குற்றம் மாணவியுடையதன்று. அட்டைக்கும் அழகுக்கும் பக்கக் கணக்குக்கும் புள்ளி போடுகிற நம்முடையது. பிரதி எடுப்பதை ஆராய்ச்சி என்று நாமே கற்றுக்கொடுத்துவிட்டு, பிள்ளைகள் சுயமாகச் சிந்திப்பதில்லை என்று நாமே புலம்புகிறோம். முன்பு கையேட்டைப் பார்த்து எழுதினார்கள்; இன்று கைத்தொலைபேசியில் கேட்டால் கட்டுரை முழுவதையும் இயந்திரமே எழுதித் தருகிறது. எழுதுகிற உழைப்பையும் இயந்திரம் எடுத்துக்கொண்ட பிறகு, கேள்வி கேட்கிற அறிவு ஒன்றுதான் மாணவனிடம் எஞ்சி நிற்கிறது. அதையாவது வளர்க்க வேண்டாமா?

ஆராய்ச்சிக் கட்டுரை கேள்வியில் பிறக்கிறது. "தேயிலைக் கைத்தொழில்" என்பது கேள்வியன்று; கடை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை. "எங்கள் தோட்டப் பிரிவில் ஒரு தொழிலாளிக்குக் கடந்த மூன்று மாதங்களில் எத்தனை நாள் வேலை கிடைத்தது? அரசாங்கம் அறிவித்த நாட்சம்பளம் அவருடைய மாதச் சம்பளமாக மாறும்போது என்ன ஆகிறது?" இது கேள்வி. 2021ஆம் ஆண்டு நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வெளியாயிற்று. அந்த ஆயிரம் எத்தனை கிலோ கொழுந்துக்கு, எத்தனை நாளுக்கு, என்னென்ன கழிவுகளுக்குப் பிறகு கைக்கு வந்தது என்பதை வர்த்தமானி சொல்லாது. சம்பளத் துண்டு சொல்லும், நிறுவைக் கணக்குச் சொல்லும், பறித்தவள் சொல்லுவாள். கேள்வி இவ்வளவு குறுகியதாக இருந்தால்தான் பதினேழு வயதுப் பிள்ளையால் ஒரு தவணைக்குள் விடை தேட முடியும்.

கேள்வி பிறந்த பின் சான்று வேண்டும். ஒரு வீட்டுச் சம்பளத் துண்டைப் பார்த்துவிட்டுத் தோட்டம் முழுவதையும் பற்றித் தீர்ப்புக் கூறுவது ஆராய்ச்சியாகாது. பத்து வீடுகளில் கேட்க வேண்டும். கேட்ட நாளையும் இடத்தையும் குறித்து வைக்க வேண்டும். சொன்னவர் சம்மதித்தால் அன்றி அவர் பெயரை எழுதக்கூடாது. நாளை அவருக்கு அதனால் தீங்கு வரலாம். கணக்கப்பிள்ளையிடமும் வெளிக்கள உத்தியோகத்தரிடமும் போய் அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். மழையால் வேலை குறைந்தது என்று அவர்கள் சொன்னால், அந்த மாதம் மழை எவ்வளவு பெய்தது என்று பார்க்க வேண்டும். தன் முடிவுக்கு எதிரான சான்று கிடைத்தால் அதை மறைக்காமல் கட்டுரையிலேயே வைத்து விடை கூற வேண்டும். எது தான் கண்டது, எது பிறர் சொன்னது, எது நூலில் படித்தது என்று வாசகனுக்குப் பிரித்துக் காட்ட வேண்டும். ஆராய்ச்சி முறை என்று பெரிய பெயரால் அழைக்கப்படுவது இவ்வளவுதான். லயத்துப் பிள்ளையால் எட்ட முடியாதது இதில் எது?

இங்கே நம் அணியைச் சேர்ந்த நண்பர்களுக்கும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். பிற்போக்காளர் பிரதி எடுக்கிறார்கள் என்றால், நாமும் வேறு வகையில் அதையே செய்கிறோம். முடிவை முதலில் எழுதிவிட்டுச் சான்றைப் பின்னால் தேடுகிறோம். "சுரண்டல்" என்று எழுதினால் நிரூபித்தாகிவிட்டது என்று கருதுகிறோம். கோஷம் கூட்டத்துக்கு வேண்டியதுதான். கட்டுரைக்கு அது சான்றாகாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 1940இல் ஊவாத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்த அலை எழுந்தது. பதுளைப் பகுதியின் வேவஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர்; அச்சபையைக் கலந்தே நிர்வாகம் நடத்தத் துரை இணங்கினார்; அடக்க வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்தனர் என்று படிக்கிறோம். மயிர்க்கூச்செறியும் செய்தி! ஆனால் இதை எழுதியவர் யார்? அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தந்த லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களில் ஒருவரான லெஸ்லி குணவர்தன, 1960இல் வெளியிட்ட தம் கட்சி வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதனால் அது பொய்யென்று நாம் சொல்லவில்லை. நம் பக்கத்துச் சான்று என்பதற்காகவே சோதனையின்றி ஏற்றுக்கொள்ளலாகாது என்கிறோம். அக்காலப் பத்திரிகைகள் என்ன எழுதின? பொலிஸாரும் தோட்டத்துரைமாரும் என்ன எழுதி வைத்தார்கள்? அத்தோட்டத்துக் குடும்பங்களில் பாட்டன் பாட்டி வழியாக வந்த கதை என்ன? இவை ஒன்றோடொன்று பொருந்தும் இடம் எது, முரண்படும் இடம் எது? இதை ஊவாவின் உயர்தர மாணவன் ஒருவன் எழுதினால், அது பரீட்சைத் தாளோடு மறையாது. மலையக வரலாற்றின் ஒரு பக்கமாகவே நிற்கும். சோதனைக்குப் பின் நிலைக்கும் உண்மைதான் தொழிலாளிக்குத் துணை. சோதிக்க அஞ்சுகிற உண்மை எதிரியின் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

வசதி எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே கிடந்தன. 1977க்குப் பிறகே அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஒரு தலைமுறைக்கு மேல் பின்தங்க வைக்கப்பட்ட ஓட்டம் இது. தேசிய சுவடிகள் திணைக்களம் கொழும்பில் இருக்கிறது. பதுளையில் ஏறினால் ஒரு பகல் முழுவதும் ரயிலில் போக வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் பழைய ஆவணங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. இவை மாணவனின் குறைகளல்ல; அவனுக்கு இழைக்கப்பட்ட அநீதிகள். பாடசாலைக்கு நூலகமும், பழைய ஆவணங்களுக்குத் தமிழாக்கமும், ஆய்வை வழிநடத்தப் பயிற்சி பெற்ற ஆசிரியரும் வேண்டும் என்று நாம் போராடத்தான் வேண்டும்.

ஆனால் அவை வரும் வரை காத்திருப்பதாகச் சொல்வது நம் சோம்பலுக்கு நாம் சூட்டும் அழகிய பெயர். 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. மலையக வெளியீடுகளும் அவற்றில் உண்டு. கட்டுரையைப் பிரதி எடுக்க உதவும் அதே கைத்தொலைபேசியில் இவற்றைப் படிக்கவும் முடியும். சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டியது எந்த ஆய்வுகூடத்தில்? மக்களின் வாயிலிருந்தல்லவா! கோ. நடேசய்யரின் வாழ்வைத் தேடி எழுதிய சாரல்நாடன் பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர். தேயிலைத் தொழிற்சாலையில் கடமையாற்றியவர். இந்த முன்னோடிகளை மேடையில் போற்றிவிட்டு, வகுப்பறையில் அவர்கள் முறையைக் கைவிடுகிறோமே, இது என்ன நேர்மை?

சான்று என்ற சொல்லின் கொடுமையை மலையக மக்களைப் போல் அறிந்தவர் இந்நாட்டில் அதிகமில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், "உன் தகப்பன் இங்கே பிறந்தான் என்று காட்டு, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு" என்றது. காட்டுக்குள் பாதை வெட்டி, கோப்பி நட்டு, அது அழிந்த பின் தேயிலை நட்ட மக்களிடம் கடதாசி கேட்டார்கள். மலை முழுவதும் அவர்கள் உழைப்பின் சான்று நின்றது. கையில் கடதாசி இல்லை. அவர்கள் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, ஆராய்ச்சி இருந்தது, அவை காரியமாகவில்லை. எச்சரித்தும் ஏன் அகற்றவில்லை என்று கேட்க வேண்டிய கடமை அதிகாரிகளுடையதும் நிர்வாகத்தினுடையதும். பிள்ளைகள்மீது அதைச் சுமத்த நாம் துணியமாட்டோம். ஆனால் தம் லயத்துக்கு மேலே நிற்கும் மலையைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கை எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது, அதன்படி என்ன செய்தீர்கள் என்று ஆதாரத்தோடு கேட்கத் தெரிந்த இளைஞர் ஒவ்வொரு தோட்டத்திலும் பத்துப் பேர் இருந்தால், அறிக்கைகளை அலுமாரியில் உறங்க வைப்பது அவ்வளவு எளிதாக இராது.

ஆகவே ஆசிரிய நண்பர்களைக் கேட்கிறோம். வருகிற தவணையில் தலைப்பைக் கொடுக்காதீர்கள். மாணவனிடம் ஒரு கேள்வியை வாங்குங்கள். அட்டைக்குப் புள்ளி போடாதீர்கள். சான்றுக்கும், எதிர்ச்சான்றை எதிர்கொண்ட நேர்மைக்கும் போடுங்கள். நாற்பது பக்கம் கேட்காதீர்கள். மாணவன் தன் சொந்த வாக்கியத்தில் எழுதிய எட்டுப் பக்கம் போதும். அதை வகுப்பில் உரக்க வாசிக்கச் செய்யுங்கள். தகவல் தந்த தொழிலாளரையும் அன்று பாடசாலைக்கு அழையுங்கள். பிழை இருந்தால் அவர்களே திருத்துவார்கள்.

மாணவத் தோழர்களே! உங்கள் பாட்டன்மாரிடம் இந்த நாடு சான்று கேட்டது. அவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். சம்பளக் கணக்குக்கும், லயத்தின் கூரைக்கும், மலையின் வெடிப்புக்கும் சான்று கேட்கும் முறை இப்போது உங்களுடையது. கொப்பியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் வீட்டு அடுப்படிக்குப் போங்கள். மலையிலிருந்து இறங்கி வந்து தேநீர் போட்டுக்கொண்டிருக்கும் தாயிடம் முதல் கேள்வியைக் கேளுங்கள்.