அம்பை நோகத்தான் வேண்டும்!

முத்தையாபுரத்தில் இரும்புக்கு ஆயுள் குறைவு. ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் கடல். சைக்கிள் செயினில் இருந்து சமையல்கட்டு அரிவாள்மனை வரை, எண்ணெய் காட்டாமல் விட்டால் துரு ஏறிவிடும். சாணை பிடிக்கிறவர் தெருவுக்கு வந்தால் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அதனால்தான்.

அந்தத் தெருவின் பிள்ளைகளுக்குச் செல்போனில் வேறொரு இரும்பு அறிமுகமாகிறது. துப்பாக்கி போலத் தோளில் அணைத்து, விசையை அழுத்தினால் அம்பு பாயும் வில். ஆங்கிலத்தில் கிராஸ்போ, தமிழில் குறுக்குவில். அம்பின் நுனியில் பிளேடு பிளேடாக ஒரு முனை. அதற்கு பிராட்ஹெட், அதாவது அகல முனை என்று பெயர். அமெரிக்கக் காட்டில் மான் சாய்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு, "நாமும் ஒன்று வாங்கலாமா?" என்று கேட்கிற பையன் எந்த வீட்டிலும் இருக்கலாம். "சீ, போடா" என்று விரட்டுவதைவிட, அந்த முனையைப் பற்றி விவரமாகவே சொல்லிவிடுவது நல்லது. விவரம் தெரிந்த பையன் தானே யோசிப்பான்.

தாமிரபரணிக் கரையின் முனைகள்

அம்பு முனை இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. தூத்துக்குடி மாவட்டத்திலேயே தாமிரபரணிக் கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். 1876-ல் ஜெர்மனியைச் சேர்ந்த டாக்டர் யாகோர் அங்கே முதலில் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். தாழிகளோடு இரும்பு வாள்களும் ஈட்டிகளும் அம்பு முனைகளும் வெளிவந்தன. அவற்றில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

குறுக்குவில்லும் தென்னிந்தியாவுக்கு அந்நியமில்லை. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் ஆராய்ந்து எழுதிய ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியாவின் ஊதுகுழல், வளரி, குறுக்குவில் மூன்றையும் பற்றி 1924-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கேரளத்தில் 'தெற்றாலி' என்ற குறுக்குவில்லால் மீன் எய்வது பழைய வழக்கம். அம்பில் கயிறு கட்டியிருக்கும். குத்துப்பட்ட மீனை இழுத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் முதல் பாடம். மீனுக்கான முனையில் கொக்கி வேண்டும். குத்தியது கழன்றுவிடக் கூடாது. மானுக்கான முனையில் அகலமான வெட்டு விளிம்பு வேண்டும். எந்த மீனுக்கு எந்தத் தூண்டில் முள் என்று கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும். அதே கணக்குதான் அம்புக்கும்.

குத்துவதல்ல, அறுப்பது

துப்பாக்கிக் குண்டு தாக்கும் வேகத்தில் உடலைச் சிதைக்கிறது. அம்பு அப்படியல்ல. இன்றைய குறுக்குவில் அம்பு நொடிக்கு 300 முதல் 400 அடி வேகத்தில் போனாலும், அது குண்டின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அது கொல்வது அறுப்பதால். நுரையீரலையும் பெரிய ரத்தக் குழாய்களையும் வெட்டிக்கொண்டு போனால், மான் சில நொடிகளில் நினைவிழந்து விழும்.

மழுங்கிய அரிவாள்மனையில் தக்காளி நறுக்கிப் பார்த்தவர்களுக்கு மீதி புரியும். பழம் நசுங்கும், தோல் வழுக்கும், வெட்டு விழாது. மழுங்கிய முனையும் அப்படித்தான். ரத்தக் குழாயைத் தள்ளிவிட்டுப் போகும். மான் ஓடிவிடும். ஆனால் பிழைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. புதருக்குள் பல மணி நேரம், சில சமயம் பல நாள் துடித்துச் சாகும்.

'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்பது பழமொழி. மான் வேட்டையில் அம்பையும் நோகத்தான் வேண்டும்.

எந்த முனை?

வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் முனைகள் பொதுவாக இரண்டு ரகம். ஒன்று, பிளேடு அசையாத நிலை முனை. உறுதியானது, எலும்பில் பட்டாலும் தாங்கும். ஆனால் பிளேடுகளில் காற்று பிடிப்பதால், வில்லும் அம்பும் சரியாகப் பொருந்தாவிட்டால் குறி விலகும். இன்னொன்று, பறக்கும்போது மடங்கியிருந்து உடலில் பட்டதும் விரியும் முனை. நேராகப் பறக்கும், வெட்டும் அகலம். ஆனால் விரிவதற்கே கொஞ்சம் விசை செலவாகிவிடும். விரியாமல் போகும் ஆபத்தும் உண்டு. வலுக் குறைந்த வில்லுக்கு நிலை முனைதான் பொருத்தம்.

அடுத்தது எடை. இதை 'கிரெயின்' கணக்கில் சொல்வார்கள். பரவலாக விற்பது 100 கிரெயின், அதாவது சுமார் ஆறரை கிராம். 125 கிரெயின் என்றால் சுமார் 8 கிராம். இந்தச் சிறிய வித்தியாசம்கூட அம்பு விழும் இடத்தை மாற்றிவிடும். பழகுவது ஒரு எடையிலும் வேட்டை வேறு எடையிலும் இருக்கக் கூடாது என்பது அங்கே பாலபாடம்.

பராமரிப்பு

எய்த முனையை அப்படியே மறுபடி எய்யக் கூடாது. பிளேடை மாற்ற வேண்டும், அல்லது தீட்ட வேண்டும். மணலிலோ கல்லிலோ பட்டு வளைந்த முனை குப்பைக்குத்தான். கூர் பார்க்க விரலை வைப்பதில்லை. இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்டை லேசாகத் தொட்டாலே அறுக்க வேண்டும். கழுவித் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சுடன், மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். முத்தையாபுரம் மாதிரி உப்புக் காற்று வீசும் ஊர்களில் இரும்புக்கு எண்ணெய் தப்பினால் விளிம்பைத் துரு தின்றுவிடும். துரு தின்ற விளிம்பு வெட்டாது, கிழிக்கும்.

முனையைத் திருகவும் கழற்றவும் தனிச் சாவி உண்டு. வெறுங்கையால் செய்து விரலை அறுத்துக்கொள்வது சகஜம். வில்லை எய்யும்போது தாங்கும் கையின் கட்டைவிரல் நாண் ஓடும் பாதைக்கு மேலே நீட்டியிருந்தால், விரலே போய்விடும். வீடியோக்களில் இதையெல்லாம் காட்ட மாட்டார்கள்.

22 மில்லிமீட்டர்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், தமிழர்கள் நிறைய வாழும் டொராண்டோ இருக்கும் அதே மாகாணத்தில், குறுக்குவில்லால் மான் வேட்டையாடச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் சும்மா இல்லை. வேட்டைப் பயிற்சி முடித்துத் தேர்வு எழுதி, அனுமதி பெற வேண்டும். பருவம் உண்டு. வில்லின் இழுவிசை குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும். முனை குறைந்தது 22 மில்லிமீட்டர் அகலம், கூரான இரண்டு வெட்டு விளிம்புகளாவது வேண்டும்.

ஒரு அரசாங்கம் ஸ்கேல் வைத்து அம்பு முனையை அளப்பது எதற்கு? வேட்டைக்காரருக்கு வசதி செய்து தர அல்ல. அந்த மான் எவ்வளவு நேரம் துடிக்கும் என்பது அந்த 22 மில்லிமீட்டரில் இருக்கிறது. பிரிட்டன் இன்னும் ஒருபடி மேலே போய், காட்டு விலங்குகளைக் குறுக்குவில்லால் கொல்வதையே 1981-ம் ஆண்டுச் சட்டத்தில் தடை செய்தது.

வல்லநாட்டில் என்ன சட்டம்?

தூத்துக்குடியில் இருந்து திருநெல்வேலி போகும் வழியில் வல்லநாடு. 1987-ல் அறிவிக்கப்பட்ட வெளிமான் சரணாலயம் அங்கே இருக்கிறது. சுமார் 16 சதுர கிலோமீட்டர்தான். முறுக்குக் கொம்பும் கறுப்பு முதுகுமாக நிற்கும் ஆண் வெளிமானைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். புள்ளிமான்களும் உண்டு.

இங்கே எந்த முனை சரி என்ற கேள்விக்கே இடமில்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையை முழுவதுமாகத் தடுக்கிறது. அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் கொல்வது மட்டுமல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, காயப்படுத்துவது, அதற்கு முயல்வதும் வேட்டைதான். "குறி தப்பிவிட்டது சார்" என்று சொல்லித் தப்ப முடியாது.

வெளிமான் முதல் அட்டவணை விலங்கு. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022-ல் திருத்தி, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. சரணாலயத்துக்குள் நடந்தால், எந்த மானாக இருந்தாலும் அதே தண்டனை. வேட்டைக்குப் பயன்பட்ட வில், வண்டி எல்லாம் பறிமுதல் ஆகும். மான் கறியை வைத்திருப்பதும் குற்றம். நண்பனுக்காக பைக் ஓட்டிப் போன பையனும் வழக்கில் சேர்வான். படிப்பும் வேலையும் அதோடு நின்றுபோகலாம்.

பையனுக்கு என்ன பதில்?

வில் மேல் ஆசைப்படுவதில் தப்பில்லை. வில்வித்தை ஒலிம்பிக் விளையாட்டு. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் வில் பிரிவின் ஐந்து தங்கங்களையும் இந்தியாவே அள்ளியது. அந்த அம்புகளின் முனையில் பிளேடு கிடையாது. அட்டையில் குத்தி நிற்கும் சாதாரண முனைதான். நல்ல பயிற்சியாளரிடம் சேர்த்துவிட்டால் பையனுக்கு வில்லும் கிடைக்கும், ஒழுங்கும் கிடைக்கும்.

அம்பு முனை பார்க்க ஆசையா? பையனை அழைத்துக்கொண்டு ஆதிச்சநல்லூர் போய் வரலாம். வெளிமான் பார்க்க ஆசையா? வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு வல்லநாடு போகலாம். காயம்பட்ட மான் கண்ணில் பட்டால் நெருங்கிப் போகாமல், கூட்டம் சேர்க்காமல், வனத்துறைக்குப் போன் செய்தால் போதும்.

சாணைக்காரர் தெருவுக்கு வரும்போது அரிவாள்மனைக்கு மட்டும் கூர் ஏற்றிக்கொள்ளலாம். மீன் வெட்ட அது போதும்.