தோலும் நாதமும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயர்களைக் கேட்ட அளவிலேயே தோல் பதனிடும் தொழில் எவர் நினைவுக்கும் வரும். பாலாற்றுப் பகுதியில் வாழும் நமக்குத் தோல் காலணியாகும் கதை நன்கு தெரியும். அதே தோல் நாதமாகும் கதையை நாம் அறிந்திருக்கிறோமா?

பலாமரத்தைக் குடைந்து செய்யும் மிருதங்கத்துக்குப் பசு, எருமை, ஆடு ஆகிய மூன்றன் தோலும் வேண்டும். நம் ஆலைகளில் குரோமிய உப்பு தோலை அழியாப் பொருளாக்குகிறது. மிருதங்கத்துக்கோ அவ்வாறு பதனிடாத தோலே உகந்தது. எத்தோல் எப்பக்கத்துக்கு ஏற்றது என்பதைக் கைவினைஞர் கண்ணாலும் விரலாலும் தேர்கின்றனர். வலந்தலையின் நடுவே கல்பொடியையும் சோற்றையும் குழைத்து, படலம் படலமாகத் தேய்த்து ஏற்றும் கருமையே அதன் ஒலியை இசைவுபடுத்துகிறது. இவ்வியப்பை 1920இல் சர் சி.வி. இராமன் அறிவியல் நோக்கில் ஆராய்ந்து வெளியிட்டார்.

ஆராய்ந்தவரை உலகம் அறியும், ஆக்கியவரை அறியாது. பாலக்காடு மணி ஐயரின் புகழை அறிந்தோர் பல்லாயிரவர். அவருக்கு மிருதங்கம் செய்தளித்த தஞ்சைப் பர்லாந்தை அறிந்தோர் எத்துணைப் பேர்? டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய நூலே இக்குடும்பங்களைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. 19ஆம் நூற்றாண்டில் எசுப்பானியக் கித்தார் வினைஞர் அந்தோனியோ தே தோரெசு தம் பெயர்ச்சீட்டைக் கருவிக்குள் ஒட்டினார். மராட்டியத்து மிரஜ் நகரில் சிதார் செய்யும் முஸ்லிம் குடும்பங்கள் தம் கைத்தொழிலையே குடும்பப் பெயராகப் பூண்டுள்ளன. நம் மிருதங்க வினைஞருக்கு மட்டும் அப்பெருமை ஏன் மறுக்கப்பட்டது?

தோலைத் தொடும் கையை இழிவாக எண்ணிய சாதி மனமே காரணம். கருவியைப் பூசையில் வைப்போம். செய்தவனை வாயிலில் நிறுத்துவோம் என்பது எவ்வகை நீதி? தோலால் வாழும் இவ்வட்டாரத்தார் இதனைக் கண்டும் காணாதிருத்தல் தகாது.

தமிழ் பயில்வோர்க்கு இங்கே ஒரு கடமை உண்டு. வார், மூட்டு, தொப்பி, வலந்தலை எனத் தொழிலாளர் நாவில் வாழும் சொற்கள் ஏராளம். தோல் ஆலைகளிலும் கருவிப் பட்டறைகளிலும் வழங்கும் அச்சொற்களை, சொன்னவர் பெயரோடு மாணவர் தொகுத்தல் வேண்டும். சொல்லைக் காப்பதோடு, அதைச் சொன்னவரின் மதிப்பையும் காப்பதே தமிழ்ப்பணி என்பது எம் துணிபு.