மருந்து இலவசம்... படுக்க இடம்?

போன வருஷம் எங்கள் வகுப்பில் ஒரு உண்டியல் வைத்தோம். உண்டியல் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், மூடியில் ஒரு ஓட்டை. அவ்வளவுதான். கூடப் படிக்கும் ஒருவனுடைய அக்கா பையனுக்கு ரத்தப் புற்றுநோய். வயது ஆறு. மூன்று நாளில் 11 ஆயிரம் ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. கேன்டீன் மாஸ்டர் கூட நூறு ரூபாய் போட்டார். எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை.

நாலு பேர் பஸ் ஏறிப் போய், பணத்தைக் கவரில் போட்டு அந்த அக்கா கையில் கொடுத்தோம். "மருந்துச் செலவுக்கு வச்சுக்கங்கக்கா" என்றேன் நான், ஏதோ பெரிய மனுஷன் மாதிரி. அவர் சொன்னார்:

"மருந்துக்குக் காசு வாங்கல தம்பி. எல்லாம் கார்டுலயே முடிஞ்சிருது. ராத்திரி படுக்கத்தான் இடமில்ல."

இந்தப் பதிவு அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

விஷயம் என்னவென்றால், வார்டுக்குள் பிள்ளையோடு ஒரு ஆள்தான் இருக்கலாம். அம்மா உள்ளே, அப்பா வெளியே. அது கூடப் பரவாயில்லை. பையனை டிஸ்சார்ஜ் செய்த பிறகுதான் உண்மையான சிக்கல் ஆரம்பம். ஒரு சுற்று கீமோ முடிந்ததும் பெட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், அடுத்த பிள்ளை காத்திருக்கும். கூடவே, "ஊருக்குப் போயிடாதீங்க, ஜுரம் வந்தா உடனே தூக்கிட்டு ஓடி வரணும்" என்றும் சொல்வார்கள். டாக்டர் சொல்வதில் தப்பே இல்லை. கீமோ கொடுத்த பிறகு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு சாதாரண ஜுரம்கூடச் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆக, ஆஸ்பத்திரியிலும் இருக்க முடியாது, வீட்டுக்கும் போக முடியாது. நடுவில் எங்கே இருப்பது?

அவர்கள் முதலில் லாட்ஜில் இருந்தார்கள். நாள் வாடகை 600. பிறகு முடியாமல், ஆஸ்பத்திரி வளாகத்தில் பார்வையாளர்கள் உட்காரும் ஷெட்டில் பாய் விரித்துப் படுத்தார்கள். விடிகாலையில் தரை கழுவ வரும்போது எழுப்பிவிடுவார்களாம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை, எந்தப் பெரிய ஆஸ்பத்திரி வாசலிலும் நீங்களே பார்த்திருப்பீர்கள். நோய் எதிர்ப்பு சக்தியே இல்லாத ஒரு குழந்தை, நூறு பேர் நடக்கிற தரையில் தூங்குகிறது. நாங்கள் பெருமையாகக் கொண்டுபோன 11 ஆயிரமும் லாட்ஜ் வாடகைக்கு 18 நாள் வரும். சிகிச்சையோ இரண்டு, மூன்று வருஷம்!

கொஞ்சம் கணக்கு

கடலூர், சிதம்பரம் பக்கத்துக் குழந்தைக்குப் பெரிய வியாதி என்றால் நம் ஆட்கள் போகும் இடங்கள் நமக்குத் தெரியும். கோரிமேடு ஜிப்மர், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சி.எம்.சி. கடலூரில் இருந்து பாண்டிச்சேரி இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமத்தில் இருந்து, நடு ராத்திரி, 103 டிகிரி ஜுரத்தோடு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். சென்னை என்றால் சொல்லவே வேண்டாம்.

சிகிச்சைச் செலவைப் பொறுத்தவரை அரசாங்கம் நிறையவே செய்திருக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் அது முதலமைச்சர் விரிவான காப்பீட்டுத் திட்டம் ஆனது. ஆட்சி மாறியும் நிற்காமல் தொடர்ந்த திட்டங்களில் அதுவும் ஒன்று. புற்றுநோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. இதெல்லாம் ஆபரேஷனுக்கு, மருந்துக்கு, பயணத்துக்கு. நோயாளியின் அம்மா எங்கே குளிப்பாள், எங்கே கஞ்சி காய்ச்சுவாள் என்பதற்குக் கார்டில் இடமில்லை.

"இதெல்லாம் சின்ன விஷயம்ப்பா" என்பவர்களுக்கு ஒரு தகவல். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள். பல ஏழை, நடுத்தர நாடுகளில் 30 சதவீதத்துக்கும் கீழே. தாமதமாகக் கண்டுபிடிப்பது, மருந்து கிடைக்காதது என்று இதற்குப் பல காரணம். அந்தப் பட்டியலில் 'சிகிச்சையைப் பாதியில் விடுவது' என்ற ஒன்றும் இருக்கிறது. பெற்ற பிள்ளையின் சிகிச்சையைப் பாதியில் விட யாருக்காவது மனசு வருமா? கூலி போய், ஆடு மாடு விற்று, ஊரில் இருக்கிற இன்னொரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு, இனி முடியாது என்கிற ஒரு நாளில்தான் ஊர் திரும்புகிறார்கள். தோற்றது மருந்து இல்லை, தங்குமிடமும் சாப்பாடும்தான்.

ஃபிலடெல்ஃபியாவும் மும்பையும்

இந்தப் பிரச்னை நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் என்ற கால்பந்து அணியில் ஃப்ரெட் ஹில் என்று ஒரு வீரர். (அவர்கள் ஊர்க் கால்பந்து, கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே அது.) அவருடைய சின்ன மகள் கிம்முக்கு ரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கி, மெஷினில் காசு போட்டு எடுத்த தீனியைச் சாப்பிட்டுக் கிடந்தபோது, சுற்றி இருக்கும் எல்லாப் பெற்றோரும் அப்படித்தான் கிடக்கிறார்கள் என்று கவனித்தார். ஆட்றி இவான்ஸ் என்ற குழந்தைப் புற்றுநோய் மருத்துவருக்கு ஏற்கனவே அதே கவலை. பிள்ளைகளின் குடும்பங்கள் தங்க ஒரு வீடு வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அணிக்காரர்கள் நிதி திரட்ட, மெக்டொனால்ட்ஸ் கடைகள் பச்சை நிற மில்க் ஷேக் விற்ற காசைக் கொடுக்க, 1974 அக்டோபரில் முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸ் திறந்தது. இன்று உலகம் முழுக்க இப்படி 350 வீடுகளுக்கு மேல் இருக்கின்றன. பெயர் பர்கர் கம்பெனியுடையது, அந்த விளம்பரம் எனக்கும் உறுத்துகிறதுதான். ஆனால் பணத்தில் பெரும்பகுதி கல்லாப்பெட்டி பக்கத்து உண்டியலில் சில்லறை போடுகிறவர்கள் தொடங்கிப் பலரும் கொடுப்பது.

நம் நாட்டில் 2006-ல் மும்பையில் செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் ஆரம்பித்தது. புற்றுநோய் சிகிச்சைக்காக வெளியூரில் இருந்து வரும் குழந்தையும் பெற்றோரும் இலவசமாகத் தங்கலாம். இப்போது சென்னையிலும் வேலூரிலும்கூட இருக்கிறது. அவர்களிடம் எனக்குப் பிடித்தது சமையல் ஏற்பாடு. பொதுவான ஒரு சமையலறை, அதில் குடும்பத்துக்கு ஓர் அடுப்பு, ரேஷன் அவர்களே கொடுத்துவிடுவார்கள். அம்மாக்கள் தாங்களே சமைத்துக்கொள்வார்கள். சோற்றுப் பொட்டலம் கொடுத்தால் போதாதா என்று முதலில் நானும் நினைத்தேன். போதாது. கீமோ எடுக்கிற பிள்ளைக்குச் சுடச்சுட, அப்போது சமைத்த சாப்பாடு வேண்டும். எதைக் கொடுத்தாலும் குமட்டும், அம்மா கை ரசம் மட்டும் இறங்கும். அதோடு, மாசக்கணக்கில் கையேந்தி நின்ற ஒரு பெண்ணுக்கு, தன் அடுப்பு என்று ஒன்று திரும்பக் கிடைப்பது சின்ன விஷயமா?

நமக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. சத்திரம் கட்டியே பேர் வாங்கியவர்கள் நாம்!

நடராஜரைப் பார்க்க வருபவன் திண்ணையில் கிடக்கக் கூடாது என்று சிதம்பரத்தில் மடமும் சத்திரமும் கட்டிவைத்தார்கள். செட்டிநாட்டு நகரத்தார் 1863-ல் காசியிலேயே சத்திரம் கட்டினார்கள். இதைக் கவனியுங்கள். கொடுத்தவர்கள் காரைக்குடிப் பக்கம், கட்டிடம் கங்கைக் கரையில். தங்கள் ஊர் ஆள் எங்கே போய்த் தவிப்பானோ அங்கே கட்டினார்கள். அதற்கான பணமும் ஒரே பணக்காரன் வீசி எறிந்ததில்லை. வியாபாரத்தில் ஒரு சின்னப் பங்கை ஒதுக்கும் 'மகமை' என்ற வழக்கம் அவர்களிடம் இருந்தது. விருதுநகரில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தே பள்ளிக்கூடம் நடத்தினார்கள், காமராஜர் படித்த பள்ளிக்கூடம் அது.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் மாவட்டத்துக்குள்ளேயே வடலூர் இருக்கிறது. 1867 மே 23-ல் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து ஜனங்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றைக்கு வரை அணையவில்லை. சாதி, ஊர் எதுவும் கேட்காமல் தினமும் சோறு போடுகிறார்கள். 150 வருஷத்துக்கு மேல் ஓர் அடுப்பை அணையாமல் காத்த மாவட்டத்தில் பிறந்தவர்கள் நாம். நமக்கு இரக்கம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

பிறகு எங்கே இடிக்கிறது? நம் கொடுக்கும் பழக்கத்தில்தான். திருவிழா, புயல் என்றால் அள்ளிக் கொடுக்கிறோம். 2004 சுனாமியின்போது தேவனாம்பட்டினத்துக்கு லாரி லாரியாகச் சாமான் வந்தது. 2011 தானே புயல், 2015 வெள்ளம், அப்போதும் அப்படித்தான். ஆனித் திருமஞ்சனத்துக்கு வீதிக்கு வீதி நீர்மோர்ப் பந்தல். எல்லாம் நல்லதுதான். ஆனால் ரத்தப் புற்றுநோய் புயல் மாதிரி வந்து போவதில்லை. ஒரே வீட்டுக்குள் மூன்று வருஷம் மெதுவாக அடிக்கும், டி.வி.யில் காட்டமாட்டார்கள். அதற்கு லாரி வேண்டாம், மாசா மாசம் வரும் நூறு ரூபாய்தான் வேண்டும்.

ரெண்டு எதிர்க்கேள்வி

"அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம ஏன் செய்யணும்?" நியாயமான கேள்வி. ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலும் குடும்பங்களுக்கு விடுதி கட்டுவது அரசின் கடமை என்றுதான் நானும் சொல்வேன், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் கீமோ தேதி அடுத்த செவ்வாய்க்கிழமை. அது அரசாணைக்குக் காத்திருக்காது.

"டிரஸ்ட்டுன்னு சொல்லிக்கிட்டுப் பணத்தைச் சுருட்டுறாங்களே?" இதுவும் உண்மை. பிள்ளையின் போட்டோவைப் போட்டு, பொய் அக்கவுன்ட் நம்பர் கொடுத்து ஏமாற்றும் கும்பல்கள் இருக்கத்தான் செய்கின்றன. அதனால்தான் நோயாளி குழந்தையின் படத்தை வாட்ஸப்பில் சுற்றவிட்டுக் காசு கேட்பதை விட, ஒரு வீட்டுக்குக் கொடுப்பது மேல் என்கிறேன். வீட்டை நேரில் போய்ப் பார்க்கலாம். எத்தனை குடும்பம் இருக்கிறது என்று எண்ணலாம். வரவு செலவைச் சுவரில் ஒட்டச் சொல்லலாம். முக்கியமாக, எந்தப் பிள்ளையும் தன் மொட்டைத் தலையை ஊருக்குக் காட்டி அனுதாபம் வாங்க வேண்டியதில்லை.

அப்போ என்னதான் செய்யலாம்?

கட்டிடம் கட்டுவோம், கல்வெட்டில் பேர் போடுவோம் என்று ஆரம்பித்தால் கட்டிடம்தான் மிஞ்சும். ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் ஆறு அறை உள்ள ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால் போதும். வாடகை, கரண்ட், ரேஷன், சுத்தம் செய்யும் அம்மாவுக்குச் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 75 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். (இது என் மனக்கணக்கு, ஊருக்கு ஊர் மாறும்.) ஆறு குடும்பம் என்றால், ஒரு குடும்பத்துக்கு 12,500. லாட்ஜில் இருந்தால் அடுப்பே இல்லாமல் மாதம் 18 ஆயிரம் ஆகியிருக்கும். அந்த 75 ஆயிரத்துக்கு, மாதம் நூறு ரூபாய் கொடுக்கும் 750 பேர் போதும். சிதம்பரத்தில் படிக்கிற நாங்கள் எத்தனை ஆயிரம் பேர்! கடலூர்க் கடைவீதியில் எத்தனை கடை!

இதே வேலையை ஏற்கனவே ஒழுங்காகச் செய்கிறவர்கள் இருந்தால் இன்னும் நல்லது, அவர்களுக்கே அந்த நூறைக் கொடுப்போம். புதுப் பெயர்ப்பலகை தேவையில்லை. வீடு நம் ஊரில் இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. கோரிமேட்டிலோ எழும்பூரிலோ இருக்கட்டும். நகரத்தார் காசியில் கட்டியதும் அந்த யோசனையில்தானே?

எங்கள் ஹார்லிக்ஸ் பாட்டில் இன்னும் வகுப்பில்தான் இருக்கிறது. இந்த முறை மூன்று நாள் உண்டியல் இல்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, ஆளுக்கு நூறு. இதுவரை 23 பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், அதில் நாலு பேர் "அடுத்த மாசம்டா" என்கிற ரகம் :-)

அந்தப் பையன் இப்போது வீட்டில்தான் இருக்கிறான். மாதம் ஒரு முறை செக்கப், முடி திரும்ப வளர ஆரம்பித்திருக்கிறது. போன வாரம் அக்காவுக்குப் போன் செய்து, இப்படி ஒரு யோசனை இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டார்:

"அடுப்பு இருக்குமா தம்பி?"

இருக்கும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற இன்னும் 727 பேர் வேண்டும். நீங்கள் வர்றீங்களா?