1,250 ரூபாய் எங்கே போயிற்று?

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் ஒரு மாமி. வீட்டிலேயே பாட்டு சொல்லிக் கொடுக்கிறார். மருமகளுக்குத் தியாகராய நகரில் ஒரு கம்பெனியில் உத்தியோகம். மாதம் பிறந்தால் வீட்டுச் செலவுக்கென்று ஒரு தொகை மாமியார் கைக்கு வந்துவிடும். ஒரு ஆகஸ்டு மாதம் அதில் 1,250 ரூபாய் குறைந்தது.

"கார்ப்பரேஷன் வரி பிடித்துவிட்டார்கள், அம்மா" என்றாள் மருமகள்.

"வருமான வரிதான் பிடிக்கிறார்களே! கார்ப்பரேஷன் வீட்டுக்குத்தானே வரி போடும், ஆளுக்குமா போடும்?" என்றார் மாமி.

வாய் அதோடு நின்றது, மனம் நிற்கவில்லை. பணம் பிறந்த வீட்டுக்குப் போயிருக்குமோ என்ற சந்தேகம். இரண்டு நாள் வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது.

மருமகள் சொன்னது சத்தியம். வருமான வரி டில்லி சர்க்காருடையது. விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரத்தை மட்டும் அரசியல் சட்டம் மாநிலங்களுக்கு விட்டிருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 276-வது பிரிவு, தொழிலுக்கும் உத்தியோகத்துக்கும் மாநிலமோ நகரசபையோ வரி போடலாம் என்கிறது. இதுதான் தொழில் வரி. சென்னையில் இதை வசூலிப்பது ரிப்பன் கட்டடத்து மாநகராட்சி. ஒருவரிடம் வருஷத்துக்கு 250 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்றிருந்த வரம்பு, 1988-ல் 2,500 ஆயிற்று.

கணக்கு அரை வருஷத்துக்கு ஒரு முறை. ஆறு மாத வருமானம் 21,000 ரூபாய் வரை வரி இல்லை. பிறகு படிப்படியாக ஏறி, 75,000-க்கு மேல் போனால் 1,250 ரூபாய். அரை வருஷத்து வரியை ஒரே மாதச் சம்பளத்தில் பிடிப்பதால்தான் துண்டு விழுந்தாற்போலத் தோன்றுகிறது.

வருமான வரிக்கு நம் ஊர் ஆதியிலிருந்தே முகம் சுளித்திருக்கிறது. 1860-ல் அந்த வரி இந்தியாவுக்கு வந்தபோது, சென்னை கவர்னர் சர் சார்லஸ் டிரெவிலியனே அதை எதிர்த்தார். தம் ஆட்சேபத்தைப் பத்திரிகைகளில் வெளியிட்டதற்காக அவரைத் திரும்ப அழைத்துக் கொண்டார்கள். கவர்னர் போனார், வரி வந்தது!

நியூயார்க் நகரில் குடியிருக்கும் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். நாட்டுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என்று மூன்று வருமான வரி கட்டுகிறாள். டெக்ஸாஸில் இருப்பவளுக்கோ மாநில வருமான வரியே கிடையாது.

சகோதரிகள் கவனிக்க வேண்டியவை இரண்டு. வருமான வரியைப் பழைய முறையில் கட்டும் சம்பளக்காரர், தொழில் வரியைச் சம்பள வருமானத்திலிருந்து கழித்துக் கொள்ளலாம். புதிய முறையில் அந்தச் சலுகை இல்லை. அடுத்தது, வீட்டிலிருந்தே டியூஷன், தையல், சமையல் என்று சம்பாதிப்பவருக்கும் தொழில் வரி உண்டு. பிடித்துக் கட்டக் கம்பெனி இல்லை. தாமே மாநகராட்சியில் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

மூன்றாம் நாள் மருமகள் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். மாமி கண்ணாடியைப் போட்டுக் கொண்டு, 'தொழில் வரி' என்ற வரியை இரண்டு முறை படித்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"ஏண்டி, என் பாட்டு வகுப்பில் ஆறு மாதத்துக்கு 21,000-க்கு மேல் வருகிறதே, எனக்கும் உண்டோ?"

"உண்டு, அம்மா. நானே கட்டிவிடுகிறேன்."

"நீ ஏன் கட்ட வேண்டும்? என் பணத்தில் கட்டு. ரசீதை மட்டும் என்னிடம் கொடு" என்றார் மாமி.