தனி ஆளுக்கு அறை

1896 ஆகஸ்ட் 30, விழுப்புரம். விடியற்காலை மூன்று மணிக்கு ரயிலை விட்டு இறங்கிய பதினாறு வயதுப் பையன் ஒருவன், பொழுது விடிந்ததும் ஊருக்குள் அலைந்துவிட்டு ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறான். காதில் தங்கக் கடுக்கன். கையில் மூட்டை முடிச்சு எதுவும் இல்லை. மதியம்தான் சாப்பாடு ஆகும் என்கிறார் கடைக்காரர். பையன் அங்கேயே உட்கார்ந்து காத்திருக்கிறான். சாப்பிட்டு எழுந்ததும் இரண்டு அணாவை எடுத்து நீட்டுகிறான். மொத்தம் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார் கடைக்காரர். இரண்டரை அணா. காசு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். மாம்பழப்பட்டு என்று வழிகாட்டிப் பலகையில் பார்த்தாயே, அது திருவண்ணாமலை போகும் வழியில் இருக்கிற ஊர்தான் என்று சொல்லி அனுப்பியவரும் அவர்தான்.

அந்தப் பையன் வேங்கடராமன், பிற்காலத்து ரமண மகரிஷி. கடைக்காரரின் பெயர் வரலாற்றில் இல்லை.

மதுரையிலிருந்து அண்ணாமலைக்கு அவர் வந்து சேர்ந்த அந்தச் சில நாட்களை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஆன்மிகத்துக்காக மட்டும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவனை ஊரார் எப்படி நடத்தினார்கள் என்பதற்கு இவ்வளவு துல்லியமான பதிவு வேறெங்கும் கிடைப்பது அரிது. மிச்சக் காசுக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட். அங்கிருந்து பத்து மைல் நடை. அரகண்டநல்லூரில் பாறை மேல் இருக்கும் கோயிலில் போய் உட்கார்ந்தான்; நடை சாத்த வேண்டும், எழுந்திரு என்றார்கள். அர்ச்சகர்களோடு கீழூர் வீரட்டேஸ்வரர் கோயிலுக்கு நடந்தான், பூஜை முடிந்து சோறு கேட்டான், இல்லை என்றார்கள். பக்கத்தில் நின்ற கோயில் மேளக்காரர்தான் தன் பங்குப் பட்டைச் சோற்றை இவனுக்குக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் வயிறாரச் சாப்பாடு போட்டு, கடுக்கனை வாங்கிக்கொண்டு நான்கு ரூபாய் கொடுத்து, கண்ணனுக்குப் படைக்க வைத்திருந்த பலகாரத்தையும் படைக்கும் முன்பே பொட்டலம் கட்டித் தந்தார்கள். அன்றிரவு ரயில் நிலையத்தில் படுக்கை. செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை.

கோயில் கதவு மூடியது. சாப்பாட்டுக் கடையும் மேளக்காரரும் ஒரு வீட்டுத் திண்ணையும் திறந்தன.

இன்று அதே வயதில் அதே கோலத்தில் ஒரு பையன் திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் இறங்கினால் எங்கே தங்குவான்? லாட்ஜ் வரவேற்பு மேசையில் முதல் கேள்வி ஆதார். இரண்டாவது கேள்வி, “கூட யார் வந்திருக்காங்க?” தனியாகத்தான் வந்தேன் என்றால், “சிங்கிளுக்கு ரூம் குடுக்கறதில்லைங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தமிழ்நாட்டுக் கோயில் ஊர்களில் தனியாகப் போய் வருகிற எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். பெண் என்றால் இன்னும் ஒரு பார்வை கூடுதலாக விழும். என்னை அப்படித் திருப்பி அனுப்பிய விடுதிக்காரர் கெட்டவர் அல்லர். தனியாக வந்தவர்கள் அறைக்குள் உயிரை விட்டுவிடுகிறார்கள், பிறகு போலீஸ், விசாரணை, அறைக்குப் பூட்டு என்று அவர் சொன்னது உண்மையான பயம். ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: மனம் உடைந்தவர்கள் தனியாகத்தான் இந்த மலையைத் தேடி வருகிறார்கள். ரமணரின் அடியவர் எச்சம்மாள் அப்படித்தான் வந்தார், கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு. அந்த ஊரே தனி ஆளுக்கு இடமில்லை என்று சொன்னால், அவர்கள் போவதற்கு வேறு எந்த ஊர் இருக்கிறது?

அன்று எனக்கு இடம் கிடைத்தது ரமணா நகரின் பின்தெரு ஒன்றில். ரமணாசிரமத்துக்கு முன்னால் ஓடும் செங்கம் சாலையைத் தாண்டி உள்ளே போனால், கீழே வீட்டுக்காரர்கள் குடியிருக்க மாடியில் ஒன்றிரண்டு அறைகளை வாடகைக்கு விடும் வீடுகள் நிறைய. வெளிப்பக்கம் படிக்கட்டு, மொட்டை மாடியில் தகர ஷீட், ஓர் இரும்புக் கட்டில், பாய், பக்கெட், மக், சுவரில் சாமி படம் போட்ட நாள்காட்டி. சன்னலுக்குக் கம்பிவலை. வீட்டம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தனியாவா வந்த?” என்றார். ஆமாம் என்றதும் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். “துணிய வெளிய காயப் போடாதம்மா, குரங்கு எடுத்துனு பூடும். கதவ சாத்தியே வெச்சிரு. ராத்திரி எதுனா பயமா இருந்தா மேலிருந்து கூப்புடு, நான் வாசல்லதான் படுத்துனு இருப்பேன்.”

கோடையில் அந்த அறை சுட்டது. பகலெல்லாம் வெயில் குடித்த கருங்கல் மலை, பொழுது சாய்ந்த பிறகுதான் வெப்பத்தை வெளியே விடத் தொடங்கும். இரவு பத்து மணிக்குக்கூட மலைப் பக்கத்துச் சுவரில் கை வைத்தால் தெரியும். தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது. பெங்களூருக்குப் போகும் லாரிகளின் சத்தம் விடிய விடிய. நான்கு மணிக்கு மேல் மயில்கள் அகவ ஆரம்பிக்கும். ஏழு மணிக்குக் கதவு தட்டப்படும். “ஆசிரமத்துல டிபனுக்குப் போறியா, இல்ல ரெண்டு தோச ஊத்தட்டா?” அந்தக் கேள்விக்காகவே எந்த வசதியும் இல்லாத அறையில் மறுபடியும் தங்கலாம். நான் தங்கியிருக்கிறேன். கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள விடுதியில் நம்மைக் கேட்டு நடப்பது எல்லாம் நாம் கொடுத்த பணத்துக்கு. இங்கே கேட்கப்படுவது நம் வயிறு.

பௌர்ணமிக்கு வாடகை ஏற்றுவீர்களா என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார்: “ஏத்தறேன். மாடி கட்டன கடன் கீது. வருசத்துல அந்த நாலு காசுதான் வட்டிக்கு.” நவம்பரிலோ டிசம்பரிலோ வரும் கார்த்திகை தீபம் தொடங்கி பிப்ரவரி வரை வெளிநாட்டவர் வரும் பருவம், அப்போது மாத வாடகைக்கே அறைகள் போய்விடும். மற்ற மாதங்களில் மாடி காலி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தச் செங்கம் சாலை சாதாரணச் சாலை இல்லை. மேற்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் செங்கம். சங்க காலத்தில் செங்கண்மா, நன்னனின் தலைநகரம். அதற்கப்பால் கணவாய் வழி, பாராமகால், மைசூர். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் கம்பெனிப் படையும் முதலில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் மோதிக்கொண்டது இந்த ஊர் இரண்டு ராஜ்ஜியங்களின் எல்லையில் இருந்ததால்தான். ஆநிரை கவர்ந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவர்களுக்கு நட்ட நடுகற்கள் செங்கம் வட்டாரமெங்கும் இன்னும் நிற்கின்றன. எல்லைப்புறத்து ஊர் இது. யாரென்று தெரியாதவன் வந்துகொண்டே இருப்பான். வருகிறவன் திருடனா, விருந்தாளியா என்று பார்த்த மாத்திரத்தில் முடிவெடுக்க வேண்டும்.

பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் இந்த வழியைத்தான் சொல்கிறது. பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடிகள். நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிர்ப்படும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி இருக்கிறது, பார்த்து நடங்கள். யானையை விரட்ட எறியும் கவண்கல் பறந்து வரும், மரத்துக்குப் பின்னால் ஒதுங்குங்கள். மலைக்குடிகளின் வீட்டுக்குள் உறவினர் போல உரிமையோடு போங்கள், தினைச்சோறும் இறைச்சியும் தருவார்கள். இருட்டிவிட்டால் பாறைக் குகையில் உங்கள் வீட்டுக்குள் நுழைவது போல நுழைந்து தங்குங்கள். பயணிக்கு எங்கே சோறு, எங்கே படுக்கை என்பதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி நம்முடையது. ஆற்றுப்படை என்று பள்ளியில் படித்துவிட்டு மறந்துவிட்டோம்.

குகையில் தங்கச் சொன்ன அந்த அறிவுரையை ரமணர் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்து காட்டினார். 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகை. வெயில் காலத்தில் தண்ணீர் வற்றினால் மாமரத்துக் குகை. 1916இல் கந்தாசிரமம். தாய் அழகம்மாள் 1922 மே மாதம் மறைந்து மலையடிவாரத்தில் அடக்கமான பின், அந்தச் சமாதி மேல் போட்ட ஓலைக் கொட்டகைதான் ஆசிரமத்தின் முதல் கட்டடம். பெரிய கோயிலிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். அன்று அதுவே ஊருக்கு வெளியே, காடு. 1924 ஜூன் 26 இரவு திருடர்கள் புகுந்து ரமணரின் தொடையிலேயே அடித்தார்கள். கிடைத்தது அற்பச் சொத்து.

ஆசிரமத்துக்கு மேற்கே பலாக்கொத்து. முருகனார், குஞ்சு சுவாமி, அண்ணாமலை சுவாமி என்று ரமணரின் அடியவர்கள் பலரும் அங்கே சின்னச் சின்னக் குடிசைகளில் இருந்தார்கள். எஸ்.எஸ். கோஹன் அங்கே மண்ணால் வீடு கட்டிக்கொண்டார். 1935 நவம்பரில் வந்த ஆங்கிலேயர் மேஜர் சாட்விக் ஆசிரம எல்லைக்குள்ளேயே ஓர் அறை கட்டிக்கொண்டு நிரந்தரமாகத் தங்கினார். 1938இல் நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்து மயங்கி விழுந்தபோது தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தது அந்தச் சாட்விக் அறையில்தான். அவரால் எழுந்து கூடத்துக்கு வர முடியாதென்று தெரிந்ததும், ரமணர் தாமே அந்த அறைக்கு நடந்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார். எழுத்தாளர்கள் அதில் அனுபூதியைத் தேடினார்கள். எனக்கு அதில் தெரிவது விருந்தோம்பல்: உடம்புக்கு முடியாத விருந்தாளியை வீட்டுக்காரர் போய்ப் பார்க்கிறார்.

குறையும் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. இரவில் பெண்கள் ஆசிரமத்துக்குள் தங்கக் கூடாது என்பது விதி. ஆசிரமம் உருவாகும் முன்பே, 1916இல் அழகம்மாளே முதலில் எச்சம்மாள் வீட்டில்தான் தங்க நேர்ந்தது. சாந்தம்மாள், சுப்புலட்சுமி அம்மாள், சம்பூர்ணம்மாள் முதலியோர் நாள் முழுக்க அடுப்படியில் வெந்து அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டார்கள்; இருட்டுவதற்குள் வெளியேற வேண்டும். ரமணரின் அன்றாடத்தைக் கடிதங்களாக எழுதி வைத்த சூரி நாகம்மாவும் வெளியேதான் குடியிருந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே தடுப்பு இருந்தது. அந்தக் காலத்துச் சத்திரங்களின் கதையும் இதுதான். வாசலில் சாதி கேட்டுத்தான் உள்ளே விட்டார்கள். பழைய சத்திரங்களை நினைத்து நாம் ஏங்குவதானால் அந்த வாசலையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இன்றைய ஆசிரமத்தில் பெண்களும் தங்கலாம். முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். முதல்முறை வருகிறவர்களுக்குப் பொதுவாக மூன்று நாள். வாடகை கிடையாது, விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். சாலைக்கு எதிர்ப்புறத்தில் மோர்வி சமஸ்தான மகாராஜா பெயரிலான விருந்தினர் இல்லம் அந்தக் காலத்திலிருந்து இருக்கிறது. தரையில் வரிசையாக உட்கார வைத்து, இலையில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. எனக்கென்று தனியாக எதுவும் பரிமாறக் கூடாது என்று ரமணர் பிடிவாதமாக இருந்த பந்தி அது. எந்த ஊரில் விருந்தினர் இல்லம் நடத்துகிறவர்களும் வந்து பார்க்க வேண்டிய கூடம்.

ஆனால் ஆசிரமம் எத்தனை பேரைத்தான் தாங்கும்? பௌர்ணமிக்குப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் நடக்கிறார்கள். நடந்து முடித்த கூலித் தொழிலாளியும் அவர் மனைவியும் பிள்ளையும் கடை வாசலில் துண்டை விரித்துப் படுக்கிறார்கள். பாதையோரம் புதிது புதிதாக எழும் அடுக்குமாடிகளில் அவர்களுக்கு ஒரு சதுர அடி கிடையாது. கிராமத்து எளிமை என்று விளம்பரம் செய்து, கீற்றுக் கூரையும் மண்சுவரும் காட்டி, ஓர் இரவுக்குக் கூலியாளின் பல நாள் சம்பளத்தை வாங்கும் குடில்களும் வந்துவிட்டன. எளிய அறை ஏழைக்குக் கிடைக்காமல் போய், பணக்காரருக்கு மட்டும் கிடைக்கும் பொருளாகிவிட்டது. எனக்கு இதில் ஆத்திரம் வருகிறது, மறைக்கத் தேவையில்லை.

அரசும் அறநிலையத் துறையும் மாநகராட்சியும் சேர்ந்து செய்யக்கூடிய காரியம்தான் இது. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் போடும் தற்காலிகப் பந்தல் போதாது. வருடத்தின் எல்லா நாளும் திறந்திருக்கும் பொதுக்கூடங்கள் வேண்டும், செங்கம் சாலைப் பக்கம் ஒன்று, பேருந்து நிலையத்துப் பக்கம் ஒன்று. பாய், தலையணை, பூட்டுப் போட்ட பெட்டி, நல்ல தண்ணீர், சுத்தமான கழிப்பறை. பெண்களுக்குத் தனிக் கூடம். கட்டணம் ஒரு சாப்பாட்டுக் காசுக்கு மேல் போகக் கூடாது. அடையாள அட்டையைப் பார்க்கட்டும், பெயரை எழுதிக்கொள்ளட்டும். கூட யாரும் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. தனியாக வந்தவரிடம் இரவில் ஒரு முறையாவது சாப்பிட்டீர்களா என்று கேட்க ஓர் ஆள் சம்பளத்துக்கு இருக்கட்டும். விடுதிக்காரர்கள் பயப்படும் சாவுகளில் சிலவற்றையாவது அந்தக் கேள்வி தடுக்கும் என்று நான் நம்புகிறேன்.

பின்தெரு வீட்டம்மாவைப் போன்றவர்களுக்கும் ஒரு வழி செய்யலாம். மாடி அறையைப் பதிவு செய்துகொண்டு, பௌர்ணமி உட்பட ஆண்டு முழுவதும் ஒரே வாடகைக்கு, தனி ஆளுக்கும் மறுக்காமல் கொடுப்பவர்களுக்கு வீட்டு வரியிலும் கட்டடக் கடனின் வட்டியிலும் சலுகை கொடுங்கள். அவர் வட்டிக்குத்தான் வாடகையை ஏற்றுகிறார். வட்டி குறைந்தால் ஏற்ற மாட்டார் என்று அவரே சொன்னார்.