கொடைக்கானல் வெந்நீரும் சமவெளிக் கணக்கும்

படிச்சது மெக்கானிக்கல், சோறு போடுறது ஜாவா. ஆனாலும் சொந்தக்காரங்க வீட்டுல கிரைண்டர் வாங்கினாலும் சரி, போர் போட்டாலும் சரி, "தம்பி இஞ்சினியர்தானே, ஒரு வார்த்தை கேட்டுடலாம்"னு போன் வந்துடும். இந்த தடவை சித்தப்பா. கொடைக்கானல் நாயுடுபுரத்துல வீடு கட்டி முடிச்சிருக்கார். கேள்வி ரொம்ப சிம்பிள்: "எந்த கீசர் வாங்கறது?" அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் மொக்கை சேர்த்து இங்கே போடறேன்.

கீசர், பைப், வால்வுன்னு எல்லாமே கீழேயிருந்துதான் மலை ஏறுது. கூடவே கீழே போடற கணக்கும் ஏறி வந்துடுது. என் வாதமே அதுதான்: அந்தக் கணக்கு அங்கே செல்லாது.

"நாலு பேர் இருக்கற வீட்டுக்கு 15 லிட்டர் தாராளம் சார்"னு கடைக்காரர் சொல்லியிருக்கார். சென்னையில தாராளம்தான். அங்கே குழாய்த் தண்ணி 28 டிகிரின்னு வைங்க. 15 லிட்டரை 60 டிகிரிக்கு சூடாக்கி, பச்சைத் தண்ணி கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தா குளிக்க 40 லிட்டர் கிடைக்கும். கொடைக்கானல்ல மார்கழி காலையில தண்ணி 12 டிகிரின்னு வைங்க. அதே 15 லிட்டர், அதே 60 டிகிரி, கலந்து முடிச்சா கையில இருக்கறது வெறும் 26 லிட்டர். சென்னையின் 15 லிட்டர் தர்ற சுகம் வேணும்னா இங்கே 25 லிட்டர் கீசர் வாங்கியாகணும். நேரமும் அப்படித்தான். 2 கிலோவாட் காயில் 15 லிட்டரை சூடாக்க அங்கே 17 நிமிஷம், இங்கே 25 நிமிஷம். ராத்திரி எல்லா வீட்டுலயும் ஹீட்டர் ஓடி வோல்டேஜ் 180க்கு இறங்கிட்டா, 25 நிமிஷம் 41 நிமிஷம் ஆயிடும். (வோல்டேஜ் குறைஞ்சா பவர் அதன் வர்க்கத்துல குறையும். பரீட்சைக்குப் படிச்சதுல இது ஒண்ணாவது உதவுது.)

சுவத்துல அழகா சின்னதா மாட்டற 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் பத்தி ஒரே வரி. 3 கிலோவாட்ல இங்கே நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர் வெதுவெதுன்னு வரும். முகம் கழுவிக்கலாம்.

அடுத்தது உதிரி பாகங்கள். விளம்பரத்துல எல்லாம் உப்புத் தண்ணி, உப்புத் தண்ணின்னுதான் பயமுறுத்துவாங்க. போர் தண்ணிக்கு அது நியாயம், காயில் மேல சுண்ணாம்பு கட்டிக்கும். மலைத் தண்ணி மென்மையான தண்ணி. அதுல உப்பு படியறது பெரிய பிரச்னை இல்லை, இரும்பை அரிக்கறதுதான் பிரச்னை. அதனால பார்க்க வேண்டியது உள்ளே இருக்கற ஆனோடு கம்பி. பெரும்பாலும் மெக்னீசியம். தொட்டி துருப்பிடிக்காம இருக்க, தான் கரைஞ்சு உயிரை விடற தியாகி. வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பாருங்க. நடுவுல இருக்கற ஸ்டீல் கம்பி தெரிய ஆரம்பிச்சா மாத்திடுங்க. கீசர் வாங்கின அத்தனை பேரையும் கேட்டுப் பார்த்தேன், அப்படி ஒண்ணு உள்ளே இருக்கறதே யாருக்கும் தெரியலை. தொட்டி ஓட்டையான பிறகு கம்பெனியைத் திட்டறதுக்கு மட்டும் தயாரா இருக்காங்க.

இன்னொண்ணு சேஃப்டி வால்வு. 25 லிட்டர் தண்ணி 12லிருந்து 60 டிகிரிக்குப் போனா சுமார் 400 மில்லி விரியும். திரும்பிப் போக வழி இல்லைன்னா அது அந்த வால்வு வழியா சொட்டும். அப்படி சொட்டறது ரிப்பேர் இல்லைங்க, அதுதான் அதோட வேலை. "ஒழுகுது"ன்னு பிளம்பரை விட்டு அடைச்சு வச்ச வீடு ஒண்ணை நானே பார்த்திருக்கேன். தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் மக்கர் பண்ணினா அந்த கீசர் வெடிகுண்டுதான்.

பைப் விஷயத்துல சிக்கனம் வேண்டாம். வெந்நீருக்கு சிபிவிசி, சாதா பிவிசி கிடையாது. மொட்டை மாடியிலேர்ந்து பாத்ரூமுக்கு முக்கால் இஞ்ச் பைப் 10 மீட்டர் ஓடினா உள்ளே இரண்டரை லிட்டர் தண்ணி ஆறிப்போய் நிக்கும். குழாயைத் திறக்கும்போதெல்லாம் அது சாக்கடைக்குப் போகும். ஃபோம் உறை போடுங்க, முடிஞ்சா கீசரை குழாய்க்குப் பக்கத்துல மாட்டுங்க.

சோலார்? தாராளமா. சூரியனை ஆராயவே 1899ல வானாய்வகம் ஆரம்பிச்ச ஊர் இது, எவர்ஷெட் 1909ல சூரியப் புள்ளிகள்ல வாயு ஓடறதைக் கண்டுபிடிச்சது இங்கேதான். ஆனா மத்தியானத்துக்கு மேல மேகம் மூடற ஊரும் இதுதான். அதனால பேனலுக்கு காலை வெயிலை மறைக்கிற மரமோ மாடியோ கிழக்குப் பக்கம் இல்லாம பார்த்துக்கணும். பனி விழற ராத்திரியில தெளிஞ்ச வானத்தைப் பார்த்து பேனல் சூட்டை இழந்துக்கிட்டே இருக்கும். செப்புக் குழாய் வச்ச தட்டைப் பேனல்ல, வெளிக்காத்து பூஜ்யத்துக்கு மேல இருந்தாலும் உள்ளே தண்ணி உறைஞ்சு குழாய் கிழியலாம். இங்கே வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகைதான் என் ஓட்டு. ஐப்பசி, கார்த்திகைக்கு கரண்ட் கீசர் பக்கபலமா இருக்கணும்.

கடைசியா, நான் சித்தப்பாகிட்ட சண்டையே போட்டது கேஸ் கீசருக்காக. கரண்ட் பில் மிச்சம், உடனே சூடுன்னு பக்கத்து வீட்டுக்காரர் ஏத்தி விட்டிருக்கார். 2,100 மீட்டர் உயரத்துல காத்தோட அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடலோரத்துக்கு ட்யூன் பண்ணின பர்னர் இங்கே காத்து போதாம எரியும். அரைகுறையா எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, கண் எரிச்சல் கிடையாது. குளிருக்கு பயந்து ஜன்னலை இறுக்கி மூடின ஆறுக்கு நாலு பாத்ரூம்ல அதை மாட்டறது எப்படி இருக்கும்னு யோசிங்க. 2024ல கொடைக்கானலுக்கு சுற்றுலா வந்த இளைஞர்கள், பார்பிக்யூ கரி அடுப்பை அறைக்குள்ள வச்சிட்டுத் தூங்கினதுல இரண்டு பேர் காலையில எழுந்திருக்கவே இல்லை. எரியறது கரியா கேஸா என்பது அந்த வாயுவுக்குத் தெரியாது. கேஸ்தான் வேணும்னா கீசரை வெளிச் சுவத்துல மாட்டி வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டுவாங்க.

"அப்போ பழைய செப்பு பாய்லரே தேவலையா?"ன்னு சித்தி குறுக்கே கேட்டாங்க. கிண்டலாத்தான் கேட்டாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, அது எரியறது கொல்லைப்புறத்துல, நடுவுல புகைபோக்கி, மின்வெட்டு பத்திக் கவலை இல்லை. காஞ்ச சீகை விறகு நாலு துண்டு, கொஞ்சம் தேங்காய் ஓடு போதும். சாம்பலையும் உள்குழாய்ல ஒட்டற கரியையும் வாரம் ஒரு தடவை வழிச்சு எடுக்கணும், இல்லேன்னா சூடெல்லாம் புகையோட மேலே போயிடும்.

இப்போதைக்கு 25 லிட்டர் கீசர் குளியலறைக்கு, பாய்லர் கொல்லைக்குன்னு முடிவாகியிருக்கு. ஆனோடு கம்பி மாத்த வேண்டிய தேதியை கீசர் மேலேயே பர்மனென்ட் மார்க்கர்ல எழுதச் சொல்லியிருக்கேன். "புது வீட்டுல கிறுக்கணுமா?"ன்னு சித்தி இன்னும் முறைச்சுக்கிட்டுதான் இருக்காங்க.