பேடண்ட் வாங்கிவிட்டால் உசத்தியா?

வாலாஜாபாத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். புதிதாக வாங்கின சலவைத் தூள் பாக்கெட்டில் 'காப்புரிமை பெற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதாம். மாமனாருக்கு வாங்கும் ஒரு மாத்திரையைப் பற்றியும் மருந்துக்கடைக்காரர், "இது பேடண்ட் மருந்தும்மா, அதான் விலை" என்றாராம். "அப்படியானால் சர்க்காரே பரிசோதனை செய்து, நல்லது என்று முத்திரை குத்தியது என்றுதானே அர்த்தம்? கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?" என்று கேட்கிறார்.

கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள், சகோதரி. காப்புரிமை என்பது வேலி மாதிரி. ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அதை எப்படிச் செய்தார் என்பதை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு, மனுப் போட்ட நாளிலிருந்து 20 வருஷத்துக்கு, அவருடைய அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்று சர்க்கார் பாதுகாப்புத் தருகிறது. கெடு முடிந்ததும் வேலியைப் பிடுங்கிவிடுவார்கள். அப்புறம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். காப்புரிமை ஆபீஸில் பார்ப்பதெல்லாம் இது புதிதுதானா, உண்மையிலேயே மூளையைச் செலவழித்துக் கண்டுபிடித்ததா, தொழிலுக்கு உபயோகப்படுமா என்பதைத்தான். உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா, நம் பணத்துக்குப் பெறுமா என்பது அவர்கள் கவலை இல்லை. மருந்தின் தரத்தைப் பார்ப்பதற்கு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் தனியாக இருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. "நம்ம பட்டுக்கே பேடண்ட் இருக்காமே!" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். 2005-06ல் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்தது புவிசார் குறியீடு. அது எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லை. இந்த வட்டாரத்தில் முறைப்படி நெய்கிறவர்கள் எல்லோருக்கும் பொது. பத்து வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பித்துக்கொண்டே போகலாம், கெடுவே கிடையாது. இந்த இரண்டு ஆபீஸும் சென்னை கிண்டியில் ஒரே கட்டடத்தில் இருப்பதால்கூட இந்தக் குழப்பம் வந்திருக்கலாம்!

சலவைத் தூளுக்கு வருவோம். அதில் உண்மையிலேயே புதிதாக ஒன்று நடந்தது 1913ல். ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்ற ரசாயன நிபுணர், மிருகங்களின் கணையத்திலிருந்து எடுத்த என்ஸைமைத் துணி வெளுக்க உபயோகிக்கலாம் என்று காப்புரிமை வாங்கினார். நம் வயிற்றில் பருப்பையும் பாலையும் செரிக்க வைக்கும் சமாசாரம்தான் என்ஸைம். வயிற்றில் செய்கிற வேலையை அது துணியிலும் செய்கிறது. பால், முட்டை, ரத்தம் போன்ற புரதக் கறைகளைத் துண்டு துண்டாக்கிக் கரைத்துவிடும். 1960களில் நுண்ணுயிர்களிடமிருந்து இதை மலிவாக எடுக்க ஆரம்பித்த பிறகு உலகம் பூராவும் பரவிவிட்டது. ரோம் போட்ட வேலி போய் எத்தனையோ காலமாயிற்று. இன்றைக்கு எத்தனையோ பெயர்களில் வரும் தூள்களில் என்ஸைம் இருக்கிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில், பால் கக்கின சட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் இந்தத் தூளைப் போட்டு அரைமணி ஊற வைத்தால் கறை போய்விடும். தண்ணீர் கொதிக்கக் கூடாது, கொதித்தால் என்ஸைம் செத்துவிடும்.

ஆனால் பட்டு? அதுவும் புரதம்தான்! இங்கே சாயம் போடுவதற்கு முன்னால் கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் வேக வைப்பார்கள். இழையின் மேலே ஒட்டியிருக்கும் பசை கரைந்து போகும். கிட்டத்தட்டக் கால் பங்கு எடை அதிலேயே போய்விடும். மிஞ்சுகிற மினுமினுப்பான இழை முழுக்க முழுக்கப் புரதம். புரதத்தைத் தின்கிற என்ஸைமில் பட்டுப்பாவாடையை ஊறப் போட்டால், கறை எது பட்டு எது என்று அதற்குத் தெரியுமா? முதல் தடவையில் ஒன்றும் தெரியாது. போகப் போகப் பளபளப்பு மங்கும், இழை பலமிழந்து மடிப்பில் விட்டுப் போகும். "தறிக்காரன் ஏமாத்திட்டான்" என்று புடவையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை இந்தத் தெருவில் நான் பார்த்திருக்கிறேன். நெய்தவர் மேல் பழி! பாக்கெட்டின் பின்பக்கம் 'பட்டு, கம்பளிக்கு உபயோகிக்க வேண்டாம்' என்று எறும்பு சைசில் போட்டிருப்பதை யார் படிக்கிறார்கள்? பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரையில் இரண்டு நிமிஷம் அலசி நிழலில் உலர்த்தினால் போதும். பூந்திக்கொட்டையில் துணி வெளுக்கலாம் என்று இன்றைக்கு யாரும் காப்புரிமை கேட்க முடியாது, பாட்டி காலத்திலேயே தெரிந்த விஷயமாயிற்றே. மஞ்சள்தூள் காயத்தை ஆற்றும் என்பதற்கே 1995ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டு அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய ஏடுகளை ஆதாரம் காட்டி வாதாடி, 1997ல் அதை ரத்து செய்ய வைத்தது.

சலவைத் தூளில் 'புதியது, புதியது' என்று போட்டுக்கொண்டால் நமக்குப் பத்து இருபது ரூபாய் நஷ்டம், அவ்வளவுதான். மருந்தில் அந்தப் பேச்சு உயிருக்கு வந்துவிடுகிறது. ரத்தப் புற்றுநோய் மாத்திரை வழக்கைப் பற்றிச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்து 1911ம் வருஷச் சட்டம் இங்கே ரொம்ப நாள் இருந்தது. நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959ல் கொடுத்த அறிக்கையில், காப்புரிமைகளில் மிகப் பெரும்பாலானவை அந்நியர் கையில் இருப்பதையும், அவற்றில் அநேகம் இங்கே உற்பத்திக்கே வராததையும் எடுத்துக் காட்டினார். அதை ஒட்டி 1970ல் புதுச் சட்டம் வந்து, 1972ல் அமலாயிற்று. சமையல்கட்டு பாஷையில் சொன்னால், மருந்து விஷயத்தில் பட்சணத்துக்கு உரிமை கிடையாது, பக்குவத்துக்கு மட்டும்தான் உண்டு என்றார்கள். மைசூர்பாகு யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் என் செய்முறையைக் காப்பியடிக்கக் கூடாது என்கிற மாதிரி. நம் கம்பெனிகள் வேறு பக்குவத்தில் அதே மருந்துகளைச் செய்யக் கற்றுக்கொண்டு மலிவாகக் கொடுத்தன. பிறகு உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காக 2005 ஜனவரி 1 முதல் பட்சணத்துக்கும் உரிமை தர வேண்டியதாயிற்று. அப்போது பார்லிமெண்டில் ஒரு கொக்கியும் போட்டு வைத்தார்கள். அதுதான் 3(டி) பிரிவு. ஏற்கெனவே தெரிந்த மருந்தின் உருவத்தை மாற்றிக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, நோயைத் தீர்க்கும் சக்தி கூடியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இமாடினிப் என்று ஒரு மருந்து. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கு அது வருவதற்கு முன் டாக்டர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். 2001ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும், தினம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வருஷக் கணக்கில் வேலைக்குப் போகலாம் என்று ஆயிற்று. பெரிய கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. சுவிட்சர்லாந்து நோவார்ட்டிஸ் கம்பெனி 'கிளீவெக்' என்ற பெயரில் விற்றது. மூல மருந்துக்கு வெளிநாடுகளில் 1990களிலேயே காப்புரிமை வாங்கியாயிற்று. இந்தியாவில் அப்போது மருந்துப் பொருளுக்கு உரிமை இல்லை. அதனால் அந்த மருந்து உப்பின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு மட்டும் 1998ல் சென்னை ஆபீஸில் மனுப் போட்டார்கள்.

படிகம் என்றால் புரிய வேண்டுமே. சர்க்கரையும் கற்கண்டும் ஒரே வஸ்துதான். கற்கண்டு டப்பாவில் கட்டி தட்டாமல் இருக்கும், பார்க்க அழகாக இருக்கும். வாயில் போட்டால் இரண்டும் ஒரே தித்திப்பு. இந்த மனுவும் ஏறக்குறைய அப்படித்தான். புதுப் படிகம் ஈரம் இழுக்காது, மாத்திரை செய்ய வசதி, உடம்பும் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சும் என்றார்கள். புற்றுநோய் ஆதரவுச் சங்கம் ஒன்றும் சில இந்தியக் கம்பெனிகளும் ஆட்சேபித்தன. 2006 ஜனவரியில் சென்னை ஆபீஸ் மனுவைத் தள்ளிற்று. 3(டி) பிரிவே செல்லாது என்று கம்பெனி போட்ட வழக்கைச் சென்னை ஹைகோர்ட் 2007ல் தள்ளிற்று. 2009ல் மேல்முறையீட்டு வாரியமும் காப்புரிமை தர மறுத்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1ம் தேதி சுப்ரீம் கோர்ட், நோயைத் தீர்க்கும் சக்தி கூடினதாக நிரூபிக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டது.

இதில் என்ன வந்தது என்கிறீர்களா? கிளீவெக் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்து அப்போது மாதம் 8,000 முதல் 10,000 ரூபாய். நிறைய நோயாளிகளுக்கு நோவார்ட்டிஸ் இலவசமாகவே கொடுத்து வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆராய்ச்சிக்குக் கோடிக் கணக்கில் கொட்டுகிறோமே, திரும்ப வர வேண்டாமா என்று கம்பெனிகள் கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்குத்தான் 20 வருஷ வேலி. வேலி முடியப் போகிற நேரத்தில் ஒரு படிகத்தைக் காட்டி இன்னொரு வேலி போடுவது எந்த ஊர் நியாயம்?

எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒரு தறிக்குடும்பம். வீட்டுக்காரருக்கு இதே நோய், இதே மருந்து. நெய்துகொண்டுதான் இருக்கிறார். அந்தப் பெண் ஒரு நாள் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு வந்து, "ஏன்க்கா, லட்ச ரூபா மருந்துன்னாங்க. இது இவ்ளோ கம்மியா இருக்கே. ஏழைங்கன்னு மட்டமான மருந்தைக் குடுக்கறாங்களோ? அவருக்குப் பாதி மாத்திரைய நிறுத்திட்டு அந்தக் காசுல நாட்டு மருந்து வாங்கலாமான்னு இருக்கு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மருந்தை நாமாக நிறுத்தினால் அடங்கியிருந்த நோய் திரும்பத் தலை தூக்கலாம். அட்டையைத் திருப்பிக் காட்டினேன். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர், பக்கத்தில் சின்ன எழுத்தில் 'இமாடினிப்', 400 மில்லிகிராம். "லட்ச ரூபா மாத்திரையிலயும் உள்ள இருக்கறது இதாம்மா. வேலி இல்ல, அதனால விலை இல்ல. சந்தேகம் இருந்தா டாக்டரையே கேளு, நீயா கைவைக்காதே" என்றேன். மறுவாரம் டாக்டரும் அதையே சொன்னாராம்.

வாலாஜாபாத் சகோதரியும் மாமனாரின் அட்டையில் அந்தச் சின்ன எழுத்துப் பெயரைப் பார்த்துத் தனியாக ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளட்டும். பக்கத்தில் எத்தனை மில்லிகிராம் என்பதையும் சேர்த்து. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, "இதே மருந்து வேறு கம்பெனியில் மலிவாகக் கிடைக்குமா, மக்கள் மருந்தகத்தில் வாங்கலாமா?" என்று கேட்கலாம். கேட்பதில் வெட்கம் எதற்கு? சில மருந்துகளுக்கு, உதாரணமாக வலிப்புக்கும் தைராய்டுக்கும், கம்பெனியை மாற்றாமல் ஒரே மாதிரி சாப்பிடுவது நல்லது என்று டாக்டர்கள் சொல்வார்கள். அதனால் கடைக்காரர் சொன்னார் என்று மாற்ற வேண்டாம். உண்மையிலேயே வேலிக்குள் இருக்கும் புது மருந்தாக இருந்தால் மலிவுப் பதிப்பு கிடைக்காது. அதே நோய்க்கு வேறு பழைய மருந்து பொருந்துமா என்பதையும் அவரிடம்தான் கேட்க வேண்டும்.